கடைமடையில் ஐந்து டிகிரி

ஏற்காட்டில் ஏரிக்கரைச் சாலையை ஒட்டி நண்பர் ஒருவர் சின்னதாக மெஸ் நடத்துகிறார். போன கோடையில் அங்கே இரண்டு நாள் தங்கியிருந்தேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் குக்கர் போதாமல், துவரம்பருப்பைத் திறந்த அண்டாவில் ஏற்றியிருந்தார்கள். தளதளவென்று கொதிக்கிறது, நுரை பொங்குகிறது, பருப்பு மட்டும் முழுசு முழுசாகக் கிடக்கிறது. "இந்த வாட்டி வந்த பருப்பே சரியில்லப்பா. எத்தன நேரம் கொதிச்சாலும் மசியவே மாட்டேங்குது" என்று நண்பரின் அம்மா அலுத்துக்கொண்டார்.

கடையின் முன்பக்கம் வேறொரு கவலை. ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசர் இரண்டு வாரமாகச் சரியாக உறையவில்லை. உள்ளே பனி மலைபோல் கட்டிக் கிடக்கிறது, டப்பாவில் இருக்கும் ஐஸ்கிரீமோ இளகிக் கிடக்கிறது. சேலத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை வரச் சொல்லியிருந்தார் நண்பர்.

பின்கட்டில் வேகாத பருப்பு, முன்கட்டில் உறையாத ஐஸ்கிரீம். அன்று சாயங்காலம் மெக்கானிக் வந்து அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டியபோதுதான், இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பருப்பிலிருந்து தொடங்கலாம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏற்காடு வந்து சேரும்போது 1,500 மீட்டருக்கு வந்துவிடுகிறோம். பஸ்ஸில் பிள்ளைகள் கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பத்தாவது வளைவுக்கு மேல் பலூன் மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றின் பாரம் குறைந்துவிட்டது. கடலோரத்தில் ஒரு சதுர அங்குலத்தின்மேல் காற்று 14.7 பவுண்டு எடையோடு உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் மொழியில் 14.7 பி.எஸ்.ஐ. சேலத்தில் இது சுமார் 14.2. ஏற்காட்டில் சுமார் 12.2.

தண்ணீர் கொதிப்பது என்றால் என்ன? அடியில் உண்டாகும் ஆவிக் குமிழ் நசுங்காமல் மேலே வந்து உடைவது. குமிழுக்குள் இருக்கும் ஆவி வெளியே தள்ளுகிறது, வெளிக்காற்றின் பாரம் அதை நசுக்கப் பார்க்கிறது. ஆவியின் தள்ளுவிசை காற்றின் பாரத்துக்குச் சமமாகும் வெப்பநிலையில் குமிழ் பிழைத்துக்கொள்கிறது. அந்த வெப்பநிலைதான் கொதிநிலை. பாரம் குறைவான இடத்தில் குமிழ் சீக்கிரமே பிழைத்துவிடும். கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏற்காட்டில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சேர்வராயன் கோயில் வரை ஏறிப்போய்ப் பொங்கல் வைத்தால் இன்னும் ஒரு சிறு அளவு குறையும்.

கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் அதற்குமேல் சூடேறாது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர, 95 என்பது 96 ஆகாது. பருப்புக்கு வேண்டியது கொதிப்பின் ஆரவாரம் இல்லை, சூடு. அது ஐந்து டிகிரி குறைந்து போயிற்று. பருப்பின்மேல் குற்றமே கிடையாது. 1835-இல் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்த சார்லஸ் டார்வினின் கூட்டாளிகளுக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. இரவெல்லாம் அடுப்பில் கிடந்தும் உருளைக்கிழங்கு வேகவில்லை. புதிதாக வாங்கிய பானைதான் சரியில்லை என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அங்கே பானை, இங்கே பருப்பு.

காற்றழுத்தம் மாறினால் கொதிநிலை மாறும் என்பதை 1724-லேயே ஃபாரன்ஹீட் எழுதிவைத்தார். இதை அப்படியே திருப்பிப்போட்டு, தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து மலையின் உயரத்தைக் கணக்கிடும் வழக்கமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இமயமலையில் அலைந்த தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் அந்த மாதிரித் தெர்மாமீட்டரைக் கையோடு வைத்திருந்தார். கொதிநிலையும் அழுத்தமும் அவ்வளவு நெருக்கமான ஜோடி. ஒன்று தெரிந்தால் மற்றதைச் சொல்லிவிடலாம். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க வேலை செய்யப்போவது இதுதான்.

குக்கர் செய்வது இதற்கு எதிர்வேலை. மேலே வைத்த வெயிட் ஆவியைப் போகவிடாமல் தடுத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி ஏறிவிடுகிறது. ஆக, கொதிநிலை என்பது பொருளுக்கென்று தலையில் எழுதிவைத்த எண் இல்லை. அழுத்தத்தைக் கையில் பிடித்தால் கொதிநிலையை நாம் விரும்பிய இடத்தில் வைக்கலாம். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் இந்த ஒரு சுதந்திரத்தின்மேல்தான் நிற்கின்றன.

கொதிப்பது எப்படிக் குளிராகும் என்ற கேள்விக்கு விடை அந்த மெஸ்ஸின் பின்கட்டிலேயே இருந்தது. நான்கைந்து அடுப்பும் ஒருசேர எரியும் நேரத்தில் கேஸ் சிலிண்டரின் கீழ்ப்பாதியைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும், வெளியே முத்து முத்தாக நீர் வேர்த்திருக்கும். வேர்வைக் கோடு எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும்தான் உள்ளே திரவம் இருக்கிறது என்று சமையல்காரர்கள் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். நாம் அடுப்பைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது, திரவம் கொதித்து வாயுவாகிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே? அடியில் நெருப்பு இல்லை. ஆகவே தன்னிடமிருந்தும், சிலிண்டரின் இரும்பிலிருந்தும், சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சிலிண்டர் ஒரு குளிர்பதனப் பெட்டியின் முக்கால்பங்கு. மீதிக் கால்பங்கு, போன வாயுவைப் பிடித்து மறுபடியும் திரவமாக்கிக் கொண்டுவருவது.

கொதிக்கவைத்தே குளிரூட்டலாம் என்று முதலில் செய்துகாட்டியவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன். 1750-களில் அவர் ஈதர் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தின்மேல் இருந்த காற்றைப் பம்பால் இழுத்தார். ஈதர் கொதித்தது, பக்கத்தில் இருந்த தண்ணீர் உறைந்தது. அவருடைய மாணவர் ஜோசஃப் பிளாக் அடுத்த கேள்வியைக் கேட்டார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் தெர்மாமீட்டர் நகரவே மாட்டேன் என்கிறது. அடுப்போ எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது? கொதிக்கும் வரைக்கும் ஆகும் நேரத்தையும், கொதித்து முழுதும் வற்ற ஆகும் நேரத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். வற்றுவதற்குப் பல மடங்கு அதிக நேரம் பிடித்தது. திரவத்தை ஆவியாக மாற்றுவதற்கே அந்தச் சூடு செலவாகிறது என்று கண்டுகொண்டார். தெர்மாமீட்டருக்குத் தெரியாமல் ஆவிக்குள் ஒளிந்திருப்பதால் அதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராமை 100 டிகிரியில் ஆவியாக்க 540 கலோரி வேண்டும். குளிரூட்டும் இயந்திரத்தின் முழு பலமும் இந்தப் பெரிய எண்ணில் இருக்கிறது.

தண்ணீரையே குளிரூட்டியாக வைத்துக்கொள்ளலாமே என்றால், 5 டிகிரியில் அதைக் கொதிக்கவைக்கக் கிட்டத்தட்ட வெற்றிடமே வேண்டும். அதனால் தாமாகவே குளிரில் கொதிக்கும் பொருள்களைத் தேடிப் பிடித்தார்கள். கடலோரத்துக் காற்றழுத்தத்தில் ஆர்-22 என்ற வாயு மைனஸ் 41 டிகிரியில் கொதிக்கும். ஆர்-134ஏ மைனஸ் 26-இல். இப்போது புது ஏ.சி.களில் வரும் ஆர்-32 மைனஸ் 52-இல். புது வீட்டு ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், மைனஸ் 12-இல். பனி கொட்டும் மார்கழி விடியலில் ஏற்காட்டில் ஒரு கிண்ணத்தில் ஆர்-22-ஐ ஊற்றி வைத்தாலும் அடுப்பில் வைத்த மாதிரி கொதித்து ஓடிவிடும்.

ஒரு பழைய ஆர்-22 ஏ.சி.யை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வெளியே வெயில் 40 டிகிரி, அறைக்குள் 26. அறையின் சூட்டை இழுத்து அதைவிடச் சூடான தெருவில் கொட்ட வேண்டும். சூடு தண்ணீர் மாதிரி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். ஆகவே அறைக்குள் இருக்கும் காயிலில் கேஸின் அழுத்தத்தைக் கேஜ் கணக்கில் 70 பி.எஸ்.ஐ.க்குத் தாழ்த்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் ஆர்-22-இன் கொதிநிலை 5 டிகிரி. 26 டிகிரி அறைக்கு அது பள்ளம், சூடு தானாக இறங்குகிறது, திரவம் கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி 265 பி.எஸ்.ஐ. அளவுக்கு அமுக்கி வெளியே இருக்கும் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே அதன் கொதிநிலை 50 டிகிரியாக உயர்ந்துவிட்டது. 40 டிகிரித் தெருவுக்கு இது மேடு. சூடு வெளியே வழிகிறது, ஆவி திரும்பத் திரவமாகிறது. பிறகு கேபிலரி என்ற மெல்லிய குழாய் வழியாகவோ, ஒரு வால்வு வழியாகவோ திரவம் மறுபடி பள்ளத்துக்கு வருகிறது. அந்தக் காலத்துக் கவலை ஏற்றத்தில் மாடுகள் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இழுத்து மேட்டில் கொட்டியதுபோல், கம்ப்ரசர் சூட்டை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றுகிறது.

எந்த அழுத்தத்தில் எந்த கேஸ் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை பி.டி. சார்ட் என்பார்கள், இப்போது போனிலேயே கிடைக்கிறது. இது யாரோ சூத்திரம் போட்டுச் சும்மா எழுதியது இல்லை. பாரிஸில் 1840-களில் விக்டர் ரேனோ என்பவர் நீராவிக்கு இந்த அளவீட்டைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்தார். மூடிய கலத்தில் திரவத்தை வைத்து, வெப்பநிலையை ஒரே இடத்தில் நிறுத்தி, அழுத்தம் நிலைக்கும் வரை காத்திருந்து குறித்துக்கொள்வது. பின்னால் வந்த ஒவ்வொரு குளிரூட்டிக்கும் ஆய்வகங்களில் இப்படித்தான் அளந்து அட்டவணை செய்தார்கள்.

ஆனால் அந்த அட்டவணைக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும் இடத்தில் மட்டும்தான் அது செல்லும். பாடநூல்கள் இதைத் தெவிட்டிய நிலை என்கின்றன. ஒரு சொட்டுத் திரவமாவது மிச்சம் இருக்கும்வரை வெப்பநிலை கொதிநிலையிலேயே கட்டுண்டு நிற்கும். கடைசிச் சொட்டும் ஆவியான பிறகுதான் ஆவி அதைத் தாண்டிச் சூடேறத் தொடங்கும்.

எங்கள் வீட்டில் அம்மா இட்லிப் பானையின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவைப்பார். தண்ணீர் இருக்கும்வரை அது கடகடவென்று துள்ளிச் சத்தம் போடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், அடுத்த அறையிலிருந்தே ஓடிவருவார். தண்ணீர் இருக்கும்வரை பானை 100 டிகிரி பக்கத்தில் பத்திரமாக இருக்கும். வற்றியபின்தான் அடி தீயும். குளிரூட்டும் காயிலுக்குள் கடைசிச் சொட்டு எந்த இடத்தில் வற்றியது என்று அறிய நாணயம் போட முடியாது. அங்கே நாணயத்தின் வேலையைச் செய்வதுதான் மெக்கானிக்குகள் சூப்பர்ஹீட் என்று சொல்வது. தமிழில் மீவெப்பம் என்று வைத்துக்கொள்வோம். காயிலை விட்டு வெளியேறும் ஆவியின் உண்மையான வெப்பநிலையிலிருந்து, அங்குள்ள அழுத்தத்துக்கு உரிய கொதிநிலையைக் கழித்தால் வருவது மீவெப்பம்.

பெயரைக் கேட்டு அது பெருஞ்சூடு என்று நினைத்துவிட வேண்டாம். மைனஸ் 17 டிகிரியில் கையைக் கடிக்கும் குளிரில் இருக்கும் ஆவிகூட மீவெப்பம் கொண்ட ஆவியாக இருக்கலாம். அதன் கொதிநிலை மைனஸ் 22 என்றால் மீவெப்பம் 5 டிகிரி. தன் கொதிநிலையைக் கடந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே கேள்வி.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது இன்னும் எளிதாக விளங்கும். மடையைத் திறந்துவிட்ட பிறகு ஒருவர் கடைமடையில் போய் நிற்பார். தண்ணீர் கடைசிப் பாத்தி வரை வர வேண்டும், வரப்பைத் தாண்டி வாய்க்காலில் வழியவும் கூடாது. பாதி வயலிலேயே தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிட்டால் கடைசிப் பாத்தி காயும். குளிரூட்டும் காயில்தான் வயல். திரவம் பாயும் நீளம் முழுக்கக் குளிர் விளைகிறது. திரவம் கடைசி அடி வரை நனைத்து, வாசலுக்குச் சற்று முன்னால் வற்றிப்போவதுதான் நல்ல பாய்ச்சல். வெளியேறும் இடத்தில் மீவெப்பம் ஐந்தாறு டிகிரி இருந்தால் கடைசிச் சில அடிகள் மட்டும் காய்ந்திருக்கின்றன என்று அறியலாம்.

அது இருபது டிகிரி என்றால் பாதி வயல் காய்கிறது. காயிலின் பெரும்பகுதியில் வெறும் ஆவி ஓடுகிறது. உள்ளுறை வெப்பத்தோடு ஒப்பிட்டால் ஆவி சூடேறுவதில் உறிஞ்சும் சூடு மிகச் சொற்பம். ஆர்-22-இல் ஒரு கிலோ திரவம் கொதித்தால் 200 கிலோஜூல் சூடு போகும். அந்த ஆவி மேலும் ஐந்து டிகிரி ஏறும்போது மூன்றரை கிலோஜூல்தான் போகும். அறை குளிராது, கரண்ட் மட்டும் ஓடும். இன்னொரு கேடும் உண்டு. மூடிய கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பதே திரும்பி வரும் அந்த ஆவிதான். அது சூடாக வந்தால் மோட்டார் நாளடைவில் கருகும்.

மறுபுறம், மீவெப்பம் பூஜ்யம் என்றால் தண்ணீர் வரப்பை உடைத்துவிட்டது. திரவம் வற்றாமலே கம்ப்ரசருக்குள் புகுகிறது. ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதும்போது வால்வுத் தகடு உடையும், எண்ணெய் கழுவிக்கொண்டு போகும். நன்றாக இருந்த கம்ப்ரசர் திடீரென்று உட்கார்ந்துபோவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அந்தக் கடைசி ஐந்து டிகிரியால் குளிர் ஒன்றும் பெரிதாக விளைவதில்லை. கம்ப்ரசருக்குத் திரவம் போகவில்லை என்ற உறுதிக்காக நாம் கொடுக்கும் காவல்கூலி அது.

பெரிய குளிர்க்கிடங்குகளில் கடைமடைக்காரரின் வேலையை ஒரு வால்வே பார்க்கிறது. காயிலின் வாசலில் ஒரு சின்னச் செம்புக் குப்பியைக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதற்குள்ளும் ஒரு திரவம் அடைபட்டிருக்கும். குழாய் சூடானால் குப்பிக்குள் அழுத்தம் கூடி வால்வைத் திறக்கும், கூடுதல் திரவம் பாயும். குழாய் குளிர்ந்தால் வால்வு மூடிக்கொள்ளும். எத்தனை டிகிரி மீவெப்பத்தில் திறக்க வேண்டும் என்பதை ஒரு ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜிலும் பழைய ஏ.சி.யிலும் அந்த வசதி இல்லை, வெறும் கேபிலரிதான். எப்போதும் ஒரே அளவாகத் திறந்து கிடக்கும் மடை. அதனால்தான் அவற்றில் எத்தனை கிராம் கேஸ் என்பது அவ்வளவு முக்கியம், பெட்டியில் ஒட்டிய தகட்டில் எழுதியும் இருக்கும். மலையில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. சேலத்தைவிட எட்டு டிகிரி போலக் குளிர்ந்த ஊரில் வெளிக்காயிலின் அழுத்தம் தாழ்கிறது, கேபிலரிக்குள் திரவத்தைத் தள்ளும் விசையும் குறைகிறது. கீழே சரியாக இருந்த பெட்டி மேலே வந்ததும் மீவெப்பத்தில் வேறு எண்ணைக் காட்டும்.

இனி மெஸ்ஸின் முன்கட்டுக்கு வருகிறேன். மெக்கானிக் வந்தது மாலை நாலு மணிக்கு. ஐம்பது வயதைத் தாண்டியவர், கூட ஒரு ஐ.டி.ஐ. முடித்த பையன். முதல் காரியமாக ஃப்ரீசரை அணைத்து, கட்டியிருந்த பனியை எல்லாம் உருகவிட்டுத் துடைத்தார்கள். மறுபடி ஓடவிட்டு, நன்றாகக் குளிரும்வரை இரண்டு டீ குடித்தபடி காத்திருந்தோம். பிறகு கேஜை மாட்டினார்கள். உள்தகட்டைக் கழற்றி, காயில் முடியும் இடத்தில் குழாயைத் துணியால் துடைத்து, கிளாம்ப் தெர்மாமீட்டரைக் கவ்வவைத்து, வெளிக்காற்று படாமல் அதன்மேல் பஞ்சுநுரையைச் சுற்றினார்கள்.

ஆர்-134ஏ கேஸ். கேஜ் 5 பி.எஸ்.ஐ. காட்டியது. பையன் போனில் சார்ட்டைப் பார்த்தான். 5 பி.எஸ்.ஐ.க்குக் கொதிநிலை மைனஸ் பத்தொன்பதரை. குழாயில் தெர்மாமீட்டர் மைனஸ் 17. "ரெண்டரை டிகிரிதான் வருதுண்ணா. கேஸ் ஜாஸ்தி, கொஞ்சம் எடுத்துரலாம்" என்றான்.

"இரு, இது சேலம் இல்ல. மலையில கேஜ் அஞ்சு காட்டுனா ரெண்டரைன்னு வச்சுப் பாரு" என்றார் பெரியவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழு இயற்பியலும் இருந்தது. கேஜுக்குள் இருப்பது யூஜின் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் செய்த வளைகுழாய். திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் சுருள் பீப்பி நிமிர்வதுபோல், உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தத் தட்டையான வளைந்த குழாய் நிமிர்ந்து முள்ளை நகர்த்துகிறது. ஆனால் வெளியிலிருந்து ஊரின் காற்று அதை எதிர்த்து அமுக்குகிறது. ஆக, கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை இல்லை, ஊர்க்காற்றைக் கழித்தபின் மிஞ்சுவதை. அட்டவணையில் கேஜ் எண்ணுக்கு நேராக எழுதியிருக்கும் டிகிரியோ கடலோரத்துக் காற்றை, 14.7-ஐ, வைத்துப் போட்டது. 5 என்று படித்தால் உள்ளே 19.7 இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. ஏற்காட்டில் உண்மையாக இருந்தது ஐந்தும் 12.2-ம் சேர்ந்த 17.2. அதற்கு உரிய கொதிநிலை மைனஸ் இருபத்திரண்டரை. மீவெப்பம் இரண்டரை இல்லை, ஐந்தரை. கேஸ் சரியான அளவில் இருந்தது.

ஏ.சி.யில் இந்தப் பிழை ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் அங்கே எழுபது பி.எஸ்.ஐ.க்கு நடுவே இரண்டரை பெரிதில்லை. ஃப்ரீசரில் மொத்தமே ஐந்து என்னும்போது இரண்டரை என்பது பாதி. மீவெப்பத்தில் மூன்று டிகிரி தவறினால் சரியாக ஓடும் பெட்டியிலிருந்து கேஸை எடுத்துவிடுவோம். இதே காரணத்தால் குழாய்களைக் காலிசெய்ய வேக்கம் பம்ப் போடும்போதும் மலையில் முள் பாதரசக் கணக்கில் 25 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும். சமவெளியில் பழகிய முப்பது வரவே வராது. பம்ப் பழுது என்று அதைப் பிரித்துப் போட்டவர்களைப் பற்றிப் பெரியவர் சொன்னார். பருப்பைக் குறைசொன்ன கதைதான்.

அன்று அந்த ஃப்ரீசருக்கு கேஸ் ஏற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கதவின் ரப்பர் ஒரு மூலையில் வெடித்திருந்தது. ஏற்காட்டின் ஈரக்காற்று அதன் வழியே இரவு பகலாக உள்ளே போய்க் காயிலின்மேல் பனியாகப் படிந்து, சூடு உள்ளே இறங்கும் வழியை அடைத்துவிட்டது. ரப்பரை மாற்றினார்கள், மறுநாள் காலையில் ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் நம் ஊர்களில் "கேஸ் கம்மியா இருக்கு" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. குளிரூட்டி வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. ஓட்டை இல்லாத பெட்டியில் அது வருடக்கணக்கில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் கசிகிறது என்றே பொருள், கசிவை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது. கேஜின் முள் மட்டும் பார்த்து கேஸ் குறைவு என்று சொல்லவும் முடியாது. அழுக்கடைந்த ஃபில்டரும், நின்றுபோன விசிறியும்கூட அழுத்தத்தைத் தாழ்த்தும். அழுத்தம் ஒரு கண், குழாயின் வெப்பநிலை மறு கண். இரண்டையும் சேர்த்துக் கழித்தால்தான் நோய் தெரியும். கேஸ் கசிந்திருந்தால் மீவெப்பம் ஏறியிருக்கும், ஃபில்டர் அடைத்திருந்தால் அது இறங்கியிருக்கும். முள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தாழ்ந்து நிற்கும்.

கசியும் வாயு எங்கேயோ காணாமல் போவதும் இல்லை. வானம் தெளிந்த நாளில் லேடீஸ் சீட்டில் நின்றால் தொலைவில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தெரியும். இந்தியாவில் சி.எஃப்.சி. எனப்படும் பழைய குளிரூட்டிகளைத் தயாரித்த சில ஆலைகளில் ஒன்று அந்த மேட்டூரில் இருந்தது. அந்த வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கின்றன என்று தெரிந்ததும் 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை வந்தது, 2008-இல் இந்தியா அவற்றின் உற்பத்தியை நிறுத்தியது. பின்னால் வந்தவற்றிலும் புவியைச் சூடாக்கும் குணம் இருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், ஏறக்குறைய 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். ஆர்-32 அதைவிடக் குறைவு, 675. ஆர்-32, ஆர்-134ஏ போன்றவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்பந்தமானது. 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஒரு டிகிரியைத் தவறாகக் கழித்து ஒருவர் திறந்துவிடும் கேஸ், அவர் நின்ற மலையின் குளிர்ச்சியைத்தான் குறைக்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டு ஏ.சி.க்கு கேஸ் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். கசிவு எந்த இடத்தில்? சூப்பர்ஹீட் எத்தனை டிகிரி வருகிறது? இரண்டாவது கேள்விக்கு ஒரு எண்ணோடு பதில் சொல்பவரிடம் நம்பிப் பெட்டியைக் கொடுங்கள். ஏற்காட்டிலோ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்கலாம்: மலைக்காற்றைக் கணக்கில் எடுத்தீர்களா?